எண்பது மைல் தூரத்தில் ஒரு மீன்துறை

பாடசாலைகள் மூடி கோடை விடுமுறை தொடங்கியதும் எமது வீடுகளில் எழுகின்ற முதற் கேள்வி, "எங்கே போவது?" என்பதுதான். நயாகராவுக்குப் போகலாம், ரொறன்ரோவில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது அவ்வளவு இலகுவான காரியமல்ல. வேலையில் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்காது. ஹோட்டலில் தங்குகிற செலவும் கட்டுப்படியாகாது. அப்படியானவர்களுக்காகவே, காலையில் வெளிக்கிட்டு இரவு வீடு திரும்பக்கூடிய ஒரு சிறிய கடற்கரைக் கிராமத்தைப் பற்றி இங்கே எழுதுகிறோம். எடிசனிலிருந்து எண்பது மைல் அளவு தூரத்தில், லோங் பீச் தீவின் வடக்கு முனையில் இருக்கும் அந்த ஊரின் பெயர் பார்னகற் லைற்.

கடந்த யூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு குடும்பங்களாக நாங்கள் அங்கே போய்வந்தோம். இரண்டு கார்கள், எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவர் எங்கள் வீட்டு அப்பம்மா. அவரை அழைத்துப் போவதா விடுவதா என்பதில் வீட்டில் ஒரு கிழமையாகப் பேச்சு நடந்தது.

அப்பம்மா மயிலிட்டிக்காரி. கடலுக்கும் அவருடைய வீட்டுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையும் வலை காயப்போடும் வெளியும் மட்டுமே இருந்தன. 1990 யூன் மாதத்தில் மயிலிட்டிச் சனங்கள் எல்லோரும் வெளியேறியபோது அவரும் பிள்ளைகளோடு வெளியேறினார். இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்து, கருவாட்டைக் கூரைக்கு மேலேயே விட்டுவிட்டு வந்தவர். அதன் பிறகு மல்லாகம் பக்கத்து முகாமில் நீண்ட காலம் இருந்தார். நடந்தே போகக்கூடிய தூரத்தில் கடல். ஆனால் பார்க்க முடியாது, நடுவே பாதுகாப்பு வலயம். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அவருடைய வீடு இருந்த காணி அந்த எல்லைக்குள் வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"நான் வரேல்லை. கடலைப் பார்த்தது காணும்" என்று அவர் சொல்லிவிட்டார். தனியே விட்டுப் போகவும் முடியாது. கடைசியில் பேரன்தான், "அப்பம்மா, நீங்கள் காரிலேயே இருக்கலாம்" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தான்.

பாதையும் பயணமும்

காலை ஆறு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டோம். கோடையில் சனி, ஞாயிறு நாட்களில் எட்டு மணிக்குப் பிறகு போனால் தீவுக்குள் நுழையும் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். கார்டன் ஸ்ரேற் பார்க்வேயில் தெற்கு நோக்கிப் போகவேண்டும். ராரிற்றன் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் கட்டிடங்கள் குறைந்துவிடும். பின்னர் இரு பக்கமும் பைன் மரக்காடு. மரங்கள் உயரமானவையல்ல. மண் வெள்ளை மணல். "வன்னிக்குள்ளை போற மாதிரிக் கிடக்கு" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மணலைப் பார்த்த அப்பம்மா, "கடல் முந்தி இங்கை மட்டும் வந்திருக்கு" என்றார். காரில் ஏறியபின் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பார்க்வேயில் 63ஆம் இலக்க வெளியேறும் பாதையில் இறங்கி, 72ஆம் இலக்க வீதியில் கிழக்கே போனால் மனஹோக்கின் ஊரைத் தாண்டிப் பாலம் வரும். பாலத்தின் உச்சியில் இரு பக்கமும் களப்புத் தண்ணீர்; எதிரே பதினெட்டு மைல் நீளத்துக்கு மெல்லிய கோடுபோல ஒரு தீவு. பாலம் முடிகிற ஊரின் பெயர் சிப் பொற்றம், அதாவது 'கப்பலின் அடி'. கவிழ்ந்து கரையொதுங்கிய ஒரு கப்பலின் அடிப்பகுதியால் வந்த பெயர் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அங்கே இடப்பக்கம் திரும்பி ஒன்பது மைல் அளவு போனால் வீதி முடிந்துவிடும். வீதி முடிகிற இடம்தான் பார்னகற் லைற்.

2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் 640 பேர்தான். கோடையில் வந்து தங்குவோரைச் சேர்த்தால் அது பல மடங்காகும். பெரிய ஹோட்டல்களோ, ராட்டினங்களோ, கடலோரப் பலகை நடைபாதைக் கடைகளோ இங்கே இல்லை. வீடுகள் பலவும் மரக்கால்களில் உயர்ந்து நிற்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. 1962 மார்ச் மாதத்து வடகிழக்குப் புயலிலும், 2012 ஒக்ரோபரில் வந்த சான்டி புயலிலும் இத்தீவின் பல பகுதிகள் கடல்நீரில் மூழ்கின. இங்கே கேடு செய்கிற காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்று நாங்கள் சொன்னபோது, "எங்களுக்கும் வாடைதானே" என்றார் அப்பம்மா.

வெளிச்சவீடு

கார்களை வெளிச்சவீட்டுப் பூங்காவில் நிறுத்தினோம். வெளிச்சவீட்டின் கீழ்ப்பாதி வெள்ளை, மேற்பாதி சிவப்பு. உயரம் 170 அடி அளவு. 217 படிகள். கோடையில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மேலே ஏற விடுகிறார்கள்.

இந்த இடத்தில் முதலில் 1835இல் ஒரு சிறிய கோபுரம் கட்டினார்கள். அது மணல் அரித்துப் பின்னர் கடலுக்குள் விழுந்தது. அதற்குப் பதிலாக, ஜோர்ஜ் மீட் என்ற இராணுவப் பொறியியலாளரின் திட்டப்படி எழுந்ததே இப்போதுள்ளது. இதே மீட்தான் பின்னர் 1863இல் கெற்றிஸ்பேர்க் சண்டையில் வடபகுதிப் படைக்குத் தலைமை தாங்கியவர். வெளிச்சவீடு 1859 சனவரி 1ஆம் திகதி முதன்முதலாக ஏற்றப்பட்டது. நியூயோர்க் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களுக்கு இது முக்கியமான அடையாளம். ஏனென்றால் பார்னகற் முகத்துவாரத்தின் மணல்திட்டுகளில் எத்தனையோ கப்பல்கள் உடைந்திருக்கின்றன. 'பார்னகற்' என்ற பெயரே, அலை உடைகின்ற முகத்துவாரம் என்ற பொருளில் ஒல்லாந்தர் வைத்த பெயரின் மருவல்தான்.

1944இல் இதன் சேவை நிறுத்தப்பட்டது. அறுபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல் இருளில் நின்ற கோபுரத்தில், அதன் 150ஆவது பிறந்தநாளான 2009 சனவரி 1இல் மறுபடி வெளிச்சம் ஏற்றினார்கள். பழைய பெரிய கண்ணாடி வில்லை, ஒருகாலத்தில் பள்ளிக்கூடமாயிருந்த சிறு கட்டிடத்தில், ஊர் நூதனசாலையில், இருக்கிறது. ஒளியைப் பல மைல் தூரத்துக்கு அனுப்ப எத்தனை கண்ணாடித் துண்டுகளை அடுக்கினார்கள் என்பதைப் பிள்ளைகள் அங்கே நேரில் பார்க்கலாம்.

பிள்ளைகளோடு நாங்கள் படியேறினோம். அப்பம்மா கீழே வாங்கில் இருந்தார். இறங்கி வந்தபோது, காங்கேசன்துறை வெளிச்சவீட்டைப் பற்றித் தானாகவே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். இரவில் தொழிலுக்குப் போனவர்கள் அதை வைத்துத்தான் கரை பிடிப்பார்களாம். போரோடு அந்த வெளிச்சம் நின்றுபோனதையும் சொன்னார். "இதுவும் நிண்டுதான் திரும்ப எரியுதோ?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆம் என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காரில் இருக்கிறேன் என்ற பேச்சையும் பிறகு எடுக்கவில்லை.

மீன்துறை

வெளிச்சவீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், களப்புப் பக்கமாக வைக்கிங் வில்லேஜ் என்ற மீன்துறை இருக்கிறது. இந்த ஊருக்குப் போகிற தமிழர்கள் தவறாமல் பார்க்கவேண்டிய இடம் இதுவே. 1920களில் நோர்வே நாட்டிலிருந்து வந்து குடியேறிய மீனவர்கள் இங்கே துறை அமைத்தார்கள். பிறந்த நாட்டையும் பாஷையையும் விட்டு வந்தவர்கள், தெரிந்த தொழிலை மட்டும் விடவில்லை. அவர்கள் நினைவாகத்தான் வைக்கிங் என்ற பெயர். பழைய மீன்வாடிகள் சில இன்று சிறு கடைகளாகிவிட்டன. ஆனால் துறை காட்சிப்பொருளாகவில்லை. இன்றும் இங்கிருந்து படகுகள் ஆழ்கடலுக்குப் போகின்றன.

முக்கியமான தொழில் இரண்டு. ஒன்று ஸ்கலொப் என்ற சிப்பி. இரும்பு வளையங்களால் பின்னிய கனமான இழுவையைக் கடலடியில் இழுத்து இதைப் பிடிக்கிறார்கள். ஒரு தடவை போனால் பல நாட்கள் கடலில். சிப்பியை அங்கேயே உடைத்து, ஓட்டைக் கடலில் எறிந்துவிட்டு, வெள்ளைத் தசையை மட்டும் துணிப்பைகளில் கட்டி ஐசில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஓடுகளைத் திறந்து மூடுகிற தசைதான் அது. ஒரு இறாத்தலுக்கு எத்தனை துண்டு நிற்கிறது என்பதைப் பார்த்து விலை. எண்ணிக்கை குறைந்தால் துண்டு பெரிது, விலையும் கூட. மற்றது, நீளமான கயிற்றில் வரிசையாகத் தூண்டில்கள் கட்டி ஆழத்தில் இறக்கிப் பிடிக்கிற மீன் தொழில். ரைல்பிஷ் என்ற மீன் அப்படித்தான் வருகிறது.

துறையில் ஒரு படகு கட்டியிருந்தது. வயதான ஒருவர் தூண்டில் கயிற்றைப் பெட்டிக்குள் வளையம் வளையமாக அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பம்மா கயிற்றுக்கட்டுக்கு அருகே போய் நின்றுவிட்டார். அந்நியரோடு பேசப் பயந்து, எடிசன் வீட்டில் கதவு மணி அடித்தாலும் எழுந்து வராதவர் அவர். பேரனைக் கூப்பிட்டு, "எத்தினை பாகம் ஆழத்திலை விடுகினம் எண்டு கேள் ராசா" என்றார். பேரனுக்குப் 'பாகம்' என்றால் என்னவென்று தெரியாது. அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதைப் பார்த்த அந்த மனிதர், மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தானும் இரண்டு கைகளையும் விரித்தார். கைகளை விரித்து ஆழம் அளக்கிற அந்தக் கணக்கு ஆங்கிலத்திலும் உண்டு. அதன் பெயர் பாதம். அதுவும் விரித்த இரு கைகளின் நீளமே, ஆறு அடி. இரண்டு கடல்களிலும் அளவுகோல் மனிதனின் கைதான் என்பதை எங்கள் பிள்ளைகள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு அங்கே வைத்து இன்னொரு கதையும் சொன்னோம். வல்வெட்டித்துறையில் எங்கள் மேத்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. குளொஸ்ரரும் இதே கரையில் வடக்கே உள்ள மீனவர் ஊர்தான். விமானத்தில் நாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நமது தச்சு வேலை இந்தக் கரைக்கு வந்துவிட்டது.

அலைக்கரையில் நடந்தது

மதியத்துக்குப் பிறகு சமுத்திரப் பக்கக் கடற்கரைக்குப் போனோம். முகத்துவாரத்தில் 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த கல்லணையால் மணல் சேர்ந்து, கரை மிகவும் அகலமாக இருக்கிறது. கார் நிற்கிற இடத்திலிருந்து அலைவரை நல்ல நடை. கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தல்களும் சுமந்துபோய்க் குடையை நட்டோம்.

இனி நாங்கள் எழுதப்போவதை வாசகர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். அலைகள் அன்று கொஞ்சம் பெரிதாகவே இருந்தன. பிள்ளைகள் குளிக்க அவசரப்பட்டார்கள். அலை உடைகிற இரண்டு இடங்களுக்கு நடுவே, நுரையில்லாமல், கருநீலமாக, அமைதியாகக் கிடந்த ஒரு பகுதியைக் கண்டோம். "அங்கே அலை இல்லை, பயமில்லை" என்று நாங்களே பிள்ளைகளுக்குக் கைகாட்டினோம். படித்தவர்கள், கார் ஓட்டத் தெரிந்தவர்கள், எல்லாம் விசாரித்து வந்தவர்கள் நாங்கள்!

குடைக்குக் கீழே இருந்த அப்பம்மா எழுந்து நின்று சத்தம் போட்டார். "அங்கை விடாதையுங்கோ! தண்ணி சும்மா கிடக்கெண்டு நினையாதையுங்கோ. அதுதான் வாய். உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போயிடும்!" எங்கள் முதல் எண்ணம், வயதானவர் வீணாகப் பயப்படுகிறார் என்பதே. பேரன் முழங்கால் தண்ணீர்வரை போய்விட்டான். அப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் இறங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் உயிர்காப்பாளர்கள் விசில் அடித்து, அந்தப் பகுதியில் நின்ற மற்றவர்களையும் வெளியே வரச்சொல்லி, கொடியை நகர்த்தி நட்டார்கள். அவர்களில் ஒரு இளம்பெண் வந்து விளக்கினாள். அலையாகக் கரைக்கு வருகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். மணல் பள்ளமான இடத்தில் அது ஒன்றுசேர்ந்து வேகமாக வெளியே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. ஆகவே அமைதிபோலத் தெரியும். அப்பம்மா சொன்னதையே அவளும் சொன்னாள். வித்தியாசம் மொழி மட்டுமே.

எங்கள் முகங்களில் ஈயாடவில்லை. கடந்த இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் அப்பம்மா எல்லோரிடமும் திருத்தம் வாங்குகிற ஒருவராகவே இருந்தார். மைக்ரோவேவில் கிண்ணத்தை வைக்காதீர்கள், மீன் பொரித்தால் புகை மணி அடிக்கும், தனியே வெளியே போகாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, அவருக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை என்ற நிலைக்கு நாங்கள் கொண்டுவந்துவிட்டோம். அவருக்குத் தெரிந்ததைக் கேட்கிற ஒரு இடத்துக்கு அவரை அழைத்துப் போகவில்லை என்பதுதான் உண்மை. மயிலிட்டியில் கற்றது பதினாலாயிரம் கிலோமீற்றர் அளவு தூரத்தில் ஒரு பிள்ளையைக் காக்கப் போதுமாயிருந்தது.

தண்ணீருக்குள் இறங்கிய அப்பம்மா உடனே திரும்பவில்லை. பேரனின் கையை விடாமல், கொடிக்கு இந்தப் பக்கம், கணுக்கால் நனைய நெடுநேரம் நின்றார். ஒரு தடவை குனிந்து தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தார். "உப்புக் குறைவு, சரியான குளிர்" என்றார். 1990க்குப் பிறகு அவர் கடலில் கால்வைத்தது அன்றுதான். நாங்கள் பக்கத்தில் போகவில்லை.

போக விரும்புவோருக்கு

இந்த ஊருக்குப் போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்.

வெளிச்சவீட்டுக்குப் பக்கத்திலுள்ள முகத்துவாரத்தில் நீரோட்டம் மிக வேகமானது. அங்கே குளிக்கத் தடை. சமுத்திரப் பக்கத்தில், உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடவேண்டாம். களைத்துவிடுவீர்கள். மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு விலகிய பின் கரைக்குத் திரும்பவேண்டும்.

நியூ ஜேர்சியின் பெரும்பாலான ஊர்க் கடற்கரைகளில் கோடையில் கட்டணம் செலுத்தி ஒரு அடையாள வில்லை வாங்கவேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. நம்மூரில் கடலுக்குக் காசா என்று வியக்கவேண்டாம். கரையைத் துப்புரவாக வைக்கவும் உயிர்காப்பாளர் சம்பளத்துக்கும் அது போகிறது.

தூண்டில் போட விரும்புவோர் கடல் மீனுக்கு அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. ஆனால் மாநில அரசின் கட்டணமில்லாப் பதிவேட்டில் பெயர் பதியவேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் அளவும் காலமும் உண்டு. அளவு குறைந்ததை உயிரோடு திரும்ப விடவேண்டும். மணல்மேடுகளில் வளரும் புல்லை மிதிக்காதீர்கள். புயலில் ஊரைக் காக்கிற மதில் அதுதான்.

மீன்துறைக் கடையில் புதிய மீன் கிடைக்கும். ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். நாங்கள் வாங்கிய ஸ்கலொப்பை அப்பம்மா மறுநாள் தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் போட்டு வெள்ளைக்கறி வைத்தார். அதிகம் வேகவிட்டால் ரப்பர்போல ஆகிவிடும். இறக்குவதற்கு முன் போட்டு இரண்டு கொதி போதும். புகை மணி அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் அன்று நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டோம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒரு அப்பம்மாவோ தாத்தாவோ யன்னலோரம் இருப்பார்கள். 'அவர்கள் எங்கே வருவார்கள், களைத்துப்போவார்கள்' என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடற்கரையிலோ, தோட்டத்திலோ, சந்தையிலோ, அவர்களுக்குத் தெரிந்தது பயன்படுகிற ஒரு இடம் இந்த நாட்டிலும் இருக்கத்தான் செய்கிறது. தேடி அழைத்துப் போங்கள்.

திரும்பும் வழியில் பைன் காட்டுக்குள் வரும்போது பிள்ளைகள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பம்மா மட்டும் விழித்திருந்தார். "அடுத்த முறை வாடைக்கு முந்திப் போவம்" என்றார்.

செப்ரெம்பரில் போவதாக இருக்கிறோம்.